மூணு மாசமா காலர் தேய்க்கல, வீட்டுக்காரர் இன்னும் கண்டுபிடிக்கல

கணக்குடீச்சர்_திருச்சி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப சின்ன விஷயம், கேட்டா சிரிப்பீங்க, ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்க மாட்டேங்குது அதான் இங்க வந்து கொட்டுறேன்.

கல்யாணம் ஆகி 14 வருஷம். வீட்டுலயே ஒம்பதாவது பத்தாவது பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்குறேன். வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலை, திங்கள்ல இருந்து சனி வரைக்கும் தினம் ஒரு லைட் கலர் ஃபுல் ஹேண்ட் சட்டை, ஆக வாரத்துக்கு ஆறு. திருச்சி வெயில் தெரியும்ல, தெருமுனை கடைக்கு போயிட்டு வந்தாலே சட்டை முதுகோட ஒட்டிக்கும். இவரு தலைக்கு தேங்காண்ணெய் வேற வைப்பாரு. சாயங்காலம் கழட்டி போடுற சட்டையில காலர் உள்பக்கம் கரியில கோடு போட்ட மாதிரி இருக்கும்.

அந்த கோடை எடுக்குறது என் வேலை. மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சட்டையா பாக்கெட்ல கைய விட்டு பாத்து (சில்லறை, பெட்ரோல் பில்லு, ஒரு தடவை மூடி இல்லாத பேனா, அன்னைக்கு நான் பட்ட பாடு), காலரை துவைக்கிற கல்லுல விரிச்சு பார் சோப் போட்டு ப்ரஷ்ல தேய்ச்சு, ரெண்டு கை கஃப்பும் தேய்ச்சு, அப்புறம்தான் மெஷினுக்குள்ள போகும். ஒரு சட்டைக்கு மூணு நிமிஷம்னு வைங்க. நான் கணக்கு டீச்சர், கணக்கு போடாம இருக்க முடியல. 14 வருஷம், 52 வாரம், ஆறு சட்டை, 4368 சட்டை. மூணு நிமிஷம்னா 13,104 நிமிஷம். 218 மணி நேரத்துக்கு மேல. ஒம்பது நாள் ராத்திரி பகலா தூங்காம ஒரே கல்லு முன்னாடி உக்காந்து காலர் தேய்ச்சிருக்கேன்.

பொங்கல் முடிஞ்ச வாரம் வலது கை கட்டைவிரல் அடியில ஒரு வலி, தோசை திருப்புனா கூட சுளீர்னு இழுக்கும். டாக்டர் பாத்துட்டு தசைநார் வீங்கியிருக்கு, பிழியறது தேய்க்கிறது எல்லாம் கொஞ்ச நாள் நிறுத்துங்கன்னாரு. அன்னைக்கு ராத்திரி இவர்கிட்ட சொன்னேன். போன்ல இருந்து தலைய தூக்காமயே "அதான் மெஷின் துவைக்குதேம்மா, நீ எங்க துவைக்கிற"ன்னாரு.

கிண்டலா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். கிண்டல் இல்லைங்க. நெஜமாவே அப்படி நம்பித்தான் சொன்னாரு.

சரி, மெஷின்தானே துவைக்குது, துவைக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னையில இருந்து ஒரு காலர் கூட தேய்க்கல. பாக்கெட் மட்டும் பாக்குறேன், அது மெஷின் பாவம்ங்கிறதுக்காக. இப்ப சித்திரை பொறந்து ஒரு வாரம் ஆச்சு. 13 வாரம், 78 சட்டை. கை வலி கூட போயிடுச்சு. அவருக்கு ஒண்ணும் தெரியல. தினம் காலையில டிபன் பாக்ஸ் குடுக்குறப்ப அவரு கழுத்தையே பாக்குறேன், காலர் மடிப்புல மஞ்சளா பழுப்பா ஒரு பட்டை, எனக்கு அது தெருவுல இருந்தே தெரியுற மாதிரி இருக்கு, அவரு பாட்டுக்கு கண்ணாடில தலைய சீவிட்டு போறாரு.

இப்ப பிரச்சனை என்னன்னா, அடுத்த வாரம் நாத்தனார் பையனுக்கு காதுகுத்து. மாமியார், ஓரகத்தி எல்லாரும் வருவாங்க. அந்த காலரை பாத்தா யாரை சொல்லுவாங்க? அவரையா? "பாவம் புள்ளைய கவனிக்க ஆள் இல்ல"ன்னு என் பேர்தான் கெடும். ஸ்டிரைக் பண்ணது நான், அசிங்கமும் எனக்குத்தான். இப்ப நான் என்ன பண்றது? வாயத் திறந்து சொல்லிடவா, இல்ல அவரா கண்டுபிடிக்கிற வரைக்கும் இருக்கவா? நான் பண்றதே சின்னப்புள்ளத்தனமா?


வாயாடி_அக்கா:

சின்னப்புள்ளத்தனம்லாம் ஒண்ணும் இல்ல, ஆனா காதுகுத்துக்கு பயந்து இன்னைக்கு ராத்திரி உக்காந்து ஆறு சட்டையும் தேய்ச்சீங்கன்னா அது சின்னப்புள்ளத்தனம். விடுங்க. மாமியார் பாத்து சொல்லட்டும், சொன்னா "ஆமா அத்தை மெஷின்தான் துவைக்குது, உங்க பையனே சொன்னாரு"ன்னு ஒரே வரி.

நானும் ஒரு தடவை பண்ணேன். ஃப்ரிட்ஜ்ல தண்ணி பாட்டில் ரொப்பி வைக்கிறதை நிறுத்தினேன். வீட்டுல நாலு பேர், குடிக்கிறது நாலு பேர், ரொப்புறது ஒரே ஆளு. சரி தீந்து போனா தெரியும்னு பாத்தா, காலி பாட்டிலை எடுத்து பாத்துட்டு அப்படியே காலியா திருப்பி உள்ள வைக்கிறானுங்க! எங்க வீட்டு மூத்தவன் பத்து நாளா சொம்புல குழாய் தண்ணி பிடிச்சு குடிச்சிருக்கான், கேட்டா "தண்ணி வரலன்னு நெனச்சேன்"ங்கிறான். பாட்டிலுக்குள்ள தண்ணி தானா ஊறுதுன்னு நெனச்சிருக்கான் போல, ஊத்து மாதிரி.


ரைட்_போலாம்_தாத்தா:

அம்மா, நான் அரசு பஸ்ஸுல 31 வருஷம் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், யூனியன்ல கிளைச் செயலாளரா இருந்தவன். அந்த அனுபவத்துல சொல்றேன், நீ பண்றது ஸ்டிரைக்கே இல்ல. 1947 தொழில் தகராறு சட்டம்னு ஒண்ணு எங்க காலத்துல, அதுல 22ம் பிரிவு, பஸ்ஸு மாதிரி பொதுப் பயன்பாட்டு சேவைன்னா முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்கணும், குடுத்த பிறகும் 14 நாள் காத்திருக்கணும், அதுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தினா சட்டவிரோதம். அப்ப எங்களுக்கு அது எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா அந்த 14 நாள்லதான் பேச்சுவார்த்தைக்கே கூப்பிடுவான். பாதி ஸ்டிரைக் நடக்காமலே கோரிக்கை ஜெயிச்சிருக்கு.

நோட்டீஸ் இல்லாம நிறுத்தினா நிர்வாகத்துக்கு எப்படி தெரியும், வண்டி ரிப்பேர்னு நெனச்சுக்குவான். உன் வீட்டுக்காரரும் ஏதோ ரிப்பேர்னுதான் நெனச்சுக்கிட்டு இருப்பாரு. கோரிக்கை என்னன்னு முதல்ல உனக்கு தெரியுமா? அவரு தேய்க்கணுமா? நீ தேய்ச்சதை ஒத்துக்கணுமா? மன்னிப்பு கேக்கணுமா? கோரிக்கை இல்லாத போராட்டம் முடியவே முடியாதும்மா, நாங்க பாத்திருக்கோம்.


கணக்குடீச்சர்_திருச்சி:

தாத்தா நீங்க சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன். கோரிக்கை என்னன்னு கேட்டீங்களே, எனக்கு பதில் வரலை. அவரு தேய்க்கணும்னு கூட இல்ல. "நீ எங்க துவைக்கிற"ன்னு சொன்னாரு பாருங்க, அதை வாபஸ் வாங்கணும். அவ்வளவுதான் போல.


மொட்டைமாடி_மணி:

ஒரு ஆம்பளையா கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன், அடிக்காதீங்க.

எங்க வீட்டு பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டையில முடி அடைக்கும். வீட்டுல ரெண்டு பொண்ணு, ஒரு மனைவி, மூணு பேருக்கும் இடுப்பு வரைக்கும் முடி. வாரத்துக்கு ஒரு தடவை அந்த ஜாலிய எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷ விட்டு, எலிவால் மாதிரி வர்றதை உருவி எடுத்து போடுறது நான். குமட்டும். யாருக்கும் தெரியாது, நானும் சொன்னதில்ல. போன வருஷம் ஏதோ கோவத்துல நிறுத்தினேன். மூணு வாரம் ஆச்சு, தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குது, என் மனைவி என்ன பண்ணா தெரியுமா, பிளம்பரை கூப்பிட்டு 400 ரூபா குடுத்து எடுத்துட்டு "இந்த வீட்டு பைப்பே சரியில்லங்க"ன்னு என்கிட்டயே சொல்றா. அன்பு இல்லாமயா? அதெல்லாம் இல்ல. தானா நடக்குற வரைக்கும் எந்த மனுஷனும் யோசிக்க மாட்டான். நீங்க காலர் தேய்ச்சது தெரியாத மாதிரி அவரு உங்களுக்கு தெரியாம ஏதாவது பண்ணிக்கிட்டு இருக்கலாம். கேஸ் புக் பண்றது, வரி கட்டுறது, ஸ்கூட்டிக்கு காத்து அடிச்சு வைக்கிறது.


வாயாடி_அக்கா:

மணி அண்ணே, ஓட்டைக்கு வாரத்துக்கு ஒரு நாள், மூணே வாரத்துல தண்ணி தேங்கி ஊருக்கே தெரிஞ்சு போச்சு, 400 ரூபா பில்லும் வந்துச்சு. காலருக்கு பில்லு எங்க வருது?


மொட்டைமாடி_மணி:

அதுவும் சரிதான்.


சாயப்பட்டறை_சாமி:

கேள்விக்கு சம்பந்தம் இல்லாத பதில், முன்னாடியே சொல்லிடுறேன். நான் ஈரோடு பக்கம் துணி பதனிடுற மில்லுல 18 வருஷமா இருக்கேன். எல்லாரும் குடும்பப் பிரச்சனைய பேசுறீங்க, அந்த காலர் பத்தி ஒருத்தரும் பேசலையே, 13 வாரம் ஆச்சுன்னா நெலமை மோசம்.

மெஷின் துவைக்குதுன்னு அவரு சொன்னது டெக்னிக்கலாவே தப்பு. காலர் அழுக்கு தூசி கிடையாது, கழுத்துல சுரக்குற எண்ணெய், வேர்வை, உதிர்ந்த தோல், அதுமேல இவரு வைக்கிற தேங்காண்ணெய். இது நூலுக்குள்ள இறங்கிடும். மெஷின் என்ன பண்ணும், துணிய மொத்தமா பொரட்டும். ஆனா காலருக்குள்ள விறைப்புத் துணி வச்சு ஒட்டியிருக்கும், அது மடிப்பு விரியாம அப்படியே சுத்திக்கிட்டு இருக்கும், அந்த ஒரு கோடு மேல உரசலே விழாது. ஃப்ரண்ட் லோடுல தண்ணியும் கம்மி. அதனாலதான் அம்மாமார் ப்ரஷ் எடுத்தாங்க, சும்மா இல்ல. பாலியஸ்டர் கலந்த துணின்னா இன்னும் மோசம், காட்டனைவிட அது எண்ணெய விடாம பிடிச்சுக்கும். போர் தண்ணில பார் சோப் போட்டீங்கன்னா தண்ணில இருக்குற சுண்ணாம்பு சத்து சோப்போட சேந்து தயிர் திரிஞ்ச மாதிரி ஒரு படலம் விடும், அதுவும் காலர்லதான் போய் உக்காரும். திருச்சில காவேரி தண்ணி வந்தா அதுல ஊற வைங்க, போர்ல வேணாம்.

இப்ப என்ன பண்ணலாம்னா என்சைம் இருக்குற சோப்பு பவுடரா பாத்து வாங்கி, கைபொறுக்குற வெதுவெதுப்பு தண்ணில அரை மணி நேரம் ஊற வச்சு அப்புறம் தேய்ங்க. கொதிக்க கொதிக்க ஊத்தாதீங்க, என்சைம் செத்துடும். அரை மணிக்கு மேல விடாதீங்க, இந்த வெயிலுக்கு ஊற வச்ச துணி நாத்தம் பிடிச்சுடும். ப்ளீச் போட்டுடாதீங்க, வேர்வை கறை மேல ப்ளீச் பட்டா இன்னும் மஞ்சளாகும். முக்கியமா கறை இருக்கும்போது இஸ்திரி போடக்கூடாது, சூடு பட்டா கறை சுட்டு உள்ள போயிடும், அப்புறம் எங்க மில்லுல குடுத்தாலும் போகாது. நீலம் போட்டா மஞ்சள் போயிடும்னு சிலர் சொல்வாங்க, போகாது, நீலம் மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான்.

அந்த காலத்துல உவர்மண் போட்டு ஊற வச்சு வெள்ளாவி வைப்பாங்க. உவர்மண்ணுல இருக்குற காரம் ஆவி சூட்டுல எண்ணெயவே சோப்பா மாத்திடும். என்ன ஒரு கெமிஸ்ட்ரி! எங்க அப்பாவுக்கு இருந்ததே மூணு சட்டை, காலர் நைஞ்சு போனா டெய்லர்கிட்ட குடுத்து காலரை பிரிச்சு திருப்பி தைப்பாங்க, நைஞ்ச பக்கம் அடியில போயிடும், இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். இப்ப அப்படி தைக்கிற டெய்லரையே காணோம்.


வாயாடி_அக்கா:

சாமி அண்ணே இதை ப்ரிண்ட் எடுத்து அவங்க வீட்டுக்காரர் மேசையில வைக்கலாம்.


புள்ளிவிவரப்_புலி:

டீச்சர் கணக்கு போட்டதால நானும் ஒரு கணக்கு தரேன். மத்திய அரசு நேரப் பயன்பாட்டு சர்வேன்னு ஒண்ணு எடுக்குறாங்க, ஒரு நாளை யாரு எப்படி செலவு பண்றாங்கன்னு. 2019ல எடுத்ததுல வீட்டு வேலையில ஈடுபடுற பொண்ணுங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம். 2024ல எடுத்ததுல 289, 88. அஞ்சு வருஷத்துல பொண்ணுங்களுக்கு பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு, சந்தோஷம், ஆனா ஆம்பளைங்களுக்கும் ஒம்பது நிமிஷம் குறைஞ்சிருக்கு. அதுவும் இது வீட்டு வேலை செய்யுற ஆம்பளைங்களோட மட்டும் சராசரி, 2019ல பாதி பேர் கூட இல்ல, நூத்துக்கு 26 பேர்தான் வீட்டு வேலையே செஞ்சிருக்காங்க.

இன்னொண்ணு, 2023 ஜூன்ல சென்னை ஹைகோர்ட்ல ஒரு தீர்ப்பு வந்துச்சு, நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. வீட்டுக்காரர் சவுதியில சம்பாதிச்சு அனுப்பினாரு, மனைவி ஊர்ல வீட்டையும் புள்ளைங்களையும் பாத்தாங்க. அந்த பாத்துக்கிட்டதும் சொத்து சேர்த்ததுல ஒரு பங்குதான், மனைவிக்கும் சம உரிமை உண்டுன்னு சொன்னாரு. லீவே இல்லாத இருவத்திநாலு மணி நேர வேலைன்னும் அதுல வருது. அதனால "நீ எங்க துவைக்கிற"க்கு சட்டப்படியே பதில் இருக்கு.


கணக்குடீச்சர்_திருச்சி:

புலி சார், நன்றி, ஆனா நான் சொத்துல பங்கு கேக்குற அளவுக்கெல்லாம் போகலைங்க, காலர் கோட்டுலயே நிக்கிறேன். அந்த 289 நிமிஷத்துல ஒரு சட்டைக்கான என் மூணு நிமிஷம் எங்கயோ ஒளிஞ்சிருக்கும். சர்வே எடுக்க வர்றவங்க கேட்டிருந்தா நானே "துணி துவைச்சது – மெஷின்"னுதான் சொல்லியிருப்பேன்.


கணக்குடீச்சர்_திருச்சி:

(நாலு நாள் கழிச்சு)

ஒரு விஷயம் நடந்துச்சு. யார்கிட்டயும் சொல்ல முடியல, இங்கதான் சொல்லணும்.

எங்க தெரு முனையில வேப்பமரத்தடியில தள்ளுவண்டில இஸ்திரி போடுற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. எங்க வீட்டு துணி 11 வருஷமா அவர்கிட்டதான். நேத்து துணி குடுக்க வந்தப்ப கேட்டுல நின்னுக்கிட்டு தயங்கி தயங்கி கேக்குறாரு. "என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? ரெண்டு மூணு மாசமா சார் சட்டை காலர் வேற மாதிரி வருது. நீங்க தேய்ச்சு குடுத்தா இப்படி இருக்காதே. கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கை வலின்னேன். கேட்டுல நின்னுக்கிட்டே கண்ணு கலங்கிடுச்சு, அந்த மனுஷன் பதறிப்போயி "அதுக்கென்னம்மா, நான் பாத்துக்கிறேன், அப்படியே பொட்டி வச்சா கறை சுட்டுக்கும், அதான் காலர்ல மட்டும் சோப்பு தண்ணி தொட்டு ஈரத்துணியால ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத்தான் போடுறேன், முக்காவாசி போயிடும்"னாரு.

புரியுதா உங்களுக்கு? நான் நிறுத்தின வேலைய மூணு மாசமா அவரு பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. காசு கூட ஏத்திக் கேக்கல. நான் தினம் பாத்த அந்த மஞ்சள் பட்டை, அவரு தொடைச்சது போக மீதி.


ரைட்_போலாம்_தாத்தா:

அட கடவுளே. ஸ்டிரைக் நடக்கும்போது உள்ள போயி வேலை பாக்குறவனை எங்க பாஷையில கருங்காலின்னு சொல்லுவோம். அந்த மனுஷனை அப்படி சொல்ல எனக்கு நாக்கு வரலை.


சாயப்பட்டறை_சாமி:

ஈரத்துணியால இழுத்துட்டு போட்டாரு பாருங்க, அது தொழில் தெரிஞ்ச கை. இல்லன்னா இந்நேரம் ஆறு சட்டையும் போயிருக்கும்.


வாயாடி_அக்கா:

வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?


கணக்குடீச்சர்_திருச்சி:

சொன்னேன். நேத்து ராத்திரி சாப்பாடு போட்டுட்டு எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன், 4368ல இருந்து இஸ்திரி அண்ணன் வரைக்கும். டியூஷன் எடுக்குற மாதிரி ஆகிடுச்சு, நோட்டு மட்டும்தான் இல்ல. அவரு கேட்டுக்கிட்டே இருந்துட்டு என்ன சொல்றாருன்னா, "நான்தான் மாசிலயே பாத்தேனே, காலர் சரியா வெளுக்கலன்னு, அதனாலதானே பவுடர் மாத்தி வாங்கிட்டு வந்தேன்."

எனக்கு தலை சுத்திடுச்சு. ஆமாங்க, மாசில ஒரு நாள் அவரே ரெண்டு கிலோ சோப்பு பவுடர், நாங்க எப்பவும் வாங்குறதைவிட விலை கூட உள்ளது, வாங்கிட்டு வந்து வச்சாரு. ஏதோ ஆஃபர்ல வாங்கியிருப்பாருன்னு நெனச்சேன். அதாவது அவரு கவனிச்சிருக்காரு. சட்டைய கவனிச்சிருக்காரு, பவுடர் மேல சந்தேகப்பட்டிருக்காரு, மெஷினை சர்வீஸ் பண்ணணும்னு கூட யோசிச்சிருக்காரு. என் கை மட்டும் அந்த லிஸ்டுல இல்ல.

அவரு கவனிக்கலைங்கிற கோவத்தை விட இதுக்கு எனக்கு கோவம் ஜாஸ்தியா வந்துச்சா, இல்ல சிரிப்பு வந்துச்சான்னு தெரியல. ரெண்டும்தான். அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிடுச்சு. கொஞ்ச நேரம் தட்டுல கோடு போட்டுக்கிட்டு இருந்துட்டு "கை இன்னும் வலிக்குதா"ன்னாரு. பங்குனியிலயே சரியாப் போச்சுன்னேன்.


மொட்டைமாடி_மணி:

தாத்தா சொன்னது அப்படியே நடந்திருக்கு பாருங்க, நிர்வாகம் வண்டி ரிப்பேர்னு நெனச்சு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கியிருக்கு.

நானும் இன்னைக்கு என் மனைவிகிட்ட பாத்ரூம் ஓட்டை விஷயத்தை சொல்லிட்டேன். "அது நீங்களா? நான் பைப் சரியாகிடுச்சுன்னு நெனச்சேன்"னா. அப்புறம் அவ பண்றதுல எனக்கு தெரியாததுன்னு ஒரு ஏழெட்டு சொன்னா. ஃபேன் றெக்கை துடைக்கிறது அவளாம். நான் அது காத்துல சுத்துறதால தூசி ஒட்டாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், இன்ஜினியரிங் படிச்சவன்.


ரைட்_போலாம்_தாத்தா:

கோரிக்கை என்னாச்சும்மா? "நீ எங்க துவைக்கிற"ய வாபஸ் வாங்கினாரா?


கணக்குடீச்சர்_திருச்சி:

வாயால வாங்கல தாத்தா. ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, காலையில காபி குடிச்சுட்டு அவரே வாரம் பூராவோட ஆறு சட்டையும் எடுத்துட்டு பின்னாடி கல்லுக்கு போனாரு. சாமி அண்ணன் சொன்ன மாதிரி வெதுவெதுப்பா தண்ணி வச்சு ஊற வச்சு குடுத்தேன், அது மட்டும்தான் நான் பண்ணது. மொத சட்டைய ஏதோ பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சு காலர் ஓரம் நூல் பிரிஞ்சு வந்துடுச்சு. குறுக்க தேய்க்காதீங்க, மடிப்போட தேய்ங்கன்னு திண்ணையில உக்காந்து சொன்னேன். ரெண்டாவது நல்லா வந்துச்சு, தூக்கி வெயில்ல பிடிச்சு பாத்தாரு, "இது வெள்ளை சட்டையா, நான் க்ரீம் கலர்னு நெனச்சேன்"னாரு.

அப்புறம் போன் வந்துச்சு, பேசிக்கிட்டே மாடிக்கு போனாரு, அப்படியே குளிச்சுட்டு கடைக்கு போயிட்டாரு. மீதி நாலு சட்டை பக்கெட்டுல இருக்கு.


சாயப்பட்டறை_சாமி:

எத்தனை மணில இருந்து ஊறுது?


கணக்குடீச்சர்_திருச்சி:

காலையில எட்டரை. இப்ப மணி நாலு.


சாயப்பட்டறை_சாமி:

அரை மணிக்கு மேல விடாதீங்கன்னு படிச்சு படிச்சு சொன்னேனே தாயே! நாத்தம் எடுத்திருக்குமே, எடுத்து அலசியாவது போடுங்க.


கணக்குடீச்சர்_திருச்சி:

எடுத்துடுச்சு. கொல்லைப்பக்கம் போறப்பவே அடிக்குது. அவரு வர ஆறு மணி ஆகும்னு சொல்லியிருக்காரு, நான் ஜன்னலை சாத்திட்டு பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன்.


வாயாடி_அக்கா:

இஸ்திரி அண்ணன் அந்தப்பக்கம் வந்துடப் போறாரு, கேட்டைப் பூட்டி வைங்க!